ஆணிக்குப் பின்னால் ஓடிய ஒயர்

லாரி ஒயரிங் வேலையில் கண்ணைவிடக் காதுதான் முதலில் வேலைக்கு வரும். திண்டிவனம் ரோட்டில் வண்டி எங்கேயோ வரும்போதே அதன் ஹாரன் செஞ்சி மலையில் மோதித் திரும்பி என் கொட்டகைக்குள் வந்து விழும். முழுச் சத்தமாக விழுந்தால் எனக்கு வேலையில்லை, வண்டி நேரே போய்விடும். சளி பிடித்தவன் கூப்பிடுகிற மாதிரி விழுந்தால், டீத்தண்ணியை அடுப்பில் ஏற்றிவிட்டு டெஸ்ட் லாம்பைத் துடைக்க ஆரம்பிப்பேன்.

செஞ்சிக் கடைத்தெரு முடிகிற இடத்தில் என் கொட்டகை. பகலெல்லாம் லாரிகள் மூட்டை ஏற்றிக்கொண்டிருக்கும். அதனால் ஊரில் விளக்கு வைக்கும்போது என் வேலை தொடங்கி, பால்காரர் வரும்போது முடியும். யாரிடமும் நான் இதைப் படித்ததில்லை. உலகச் சண்டை முடிந்து ஏலத்தில் வந்த மிலிட்டரி வண்டி ஒன்றின் ஒயர்களை அவிழ்த்து, கட்டி, மறுபடி அவிழ்த்து, விரல் சுட்டுக் கற்றுக்கொண்டது. வண்டி வராத நேரத்தில் என்னால் உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது. செட்டிக்குளம் வரை நடந்து போய்த் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். அதுவும் சலித்தால் பழைய டயர் டியூபை எடுத்து ரப்பர் வளையம் வெட்டுவேன். வளையம் எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

பழைய லாரி வைத்திருப்பவர்கள், அதை ஓட்டுபவர்கள், அதற்கு ஒயர் இழுப்பவர்கள் இதைப் படித்தால் அவரவர் வயிற்றெரிச்சல் அவரவருக்கு ஞாபகம் வரும். நான் ஒரே ஒரு வண்டியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். எண்ணெய் மண்டி முதலாளி ஒருவருடைய பழைய லாரி அது. டிரைவர் பெயர் கன்னியப்பன். அந்த வண்டியில் யாரோ அடித்த ஓர் ஆணியால், கன்னியப்பன் கையிலிருந்து ஸ்டியரிங்கே பறிபோக இருந்தது.

சணல் கயிறு

முதலாளிக்கு ஒரு ஹாரன் போதவில்லை. மெட்ராசிலிருந்து இன்னொன்று வரவழைத்தார். கன்னியப்பன் என்னிடம் வராமல் அவனே மாட்டிக்கொண்டான். நாலு நாள் நன்றாகக் கத்தியது. அப்புறம் ஒரு சாயங்காலம், சளி பிடித்த சத்தத்தோடு என் வாசலில் வந்து நின்றது.

அடியில் படுத்துப் பார்த்தேன். ஒயரைக் கொண்டுபோய் சைலன்சர் குழாயோடு சேர்த்து, சாணுக்கொரு முடிச்சாகச் சணல் கயிறு போட்டுக் கட்டியிருந்தான். ஒயர்மேல் இருந்த உறை உருகி, செம்பு வெளியே தெரிந்தது.

"ஏன்பா, சேஸிஸ் ஓரமா இவ்ளோ இடம் காலியாக் கிடக்குது. ஒயரைக் கொண்டுபோயி கொதிக்கிற குழாய் மேலயா கட்டுவ?"

"அதான் மேஸ்திரி நேரா போவுது. கட்டறதுக்கும் தோதா இருந்துச்சு."

சூடான குழாய்க்குப் பக்கத்தில் ஒயர் போகக்கூடாது, டீசல் குழாயோடும் சேரக்கூடாது, ஆடுகிற எதிலும் கட்டக்கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். மறுபக்கம், வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ் ஓரமாகப் புது ஒயர் இழுத்து, தகடு வளைத்துக் கவ்வி வைத்துக் காட்டினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டான். கிளம்பும்போது நன்றியோடு சொன்னான்: "நல்லா புரிஞ்சிது மேஸ்திரி. சணல்தான எரிஞ்சிபோச்சு, அடுத்த தபா இரும்புக் கம்பி போட்டே கட்டிடறேன்."

ஓட்டைக்கு மோதிரம்

அந்த மண்டியில் முதலாளியைவிடப் பெரியவர் ஒருவர் உண்டு. முதலாளியின் மச்சான். மூட்டை எடை பார்ப்பதுதான் அவர் வேலை. ஆனால் வண்டி விஷயத்தில் அவர் சொன்னதுதான் சட்டம். கேபினில் ஒரு சின்ன ஃபேன் வேண்டும் என்று அவரே வண்டியோடு வந்து, நான் வேலை செய்வதைக் குந்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இஞ்சின் பக்கமிருந்து கேபினுக்குள் ஒயர் வரத் தகட்டில் ஓட்டை போட வேண்டும். தகட்டு ஓட்டையின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். வண்டி ஆட ஆட அது ஒயரை அறுத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் டியூபில் வெட்டிய ரப்பர் வளையம். ஓட்டையில் வளையத்தைப் பொருத்தி, அதற்குள் ஒயரை விட்டால் காலத்துக்கும் கவலையில்லை. நான் டப்பாவைக் கிளறி, அளவான வளையம் தேடிக்கொண்டிருந்தேன்.

மச்சானுக்குப் பொறுமை போயிற்று. "ஓட்டையைப் போட்டமா, ஒயரை உட்டமான்னு இல்லாம," என்றார், "ஓட்டைக்கு மோதிரம் போட்டுப் பாக்கற ஆளை இங்கதான்யா பாக்கறேன்."

இரண்டாவது ஒயர்

இதை எழுதும்போது இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது. அந்த லாரிக்குப் பின்னால் பாடி முழுக்க மரம். அதில் புதிதாக இரண்டு விளக்கு வேண்டுமாம். இரும்பாக இருந்தால் ஒரு ஒயர் போதும், கரண்ட் இரும்பு வழியாகவே பேட்டரிக்குத் திரும்பிவிடும். மரத்தில் எப்படித் திரும்பும்? திரும்பி வருவதற்கென்று சேஸிஸ் வரை இன்னொரு ஒயர் இழுத்தே ஆக வேண்டும். நான் அதையும் கணக்கில் சேர்த்து ஒயர் வாங்கிவரச் சொன்னேன்.

மச்சான் ஒயர்ச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு, கடைத்தெருவில் நாலு பேர் நிற்கும்போது கேட்டார்: "ஊர்ல எல்லா லாரி விளக்கும் ஒத்த ஒயர்லதான் எரியுது. நீ மட்டும் ரெண்டு கேக்கறியே மேஸ்திரி, ஒண்ணு வண்டிக்கு, இன்னொண்ணு இன்னா வூட்டுக்கா?"

வெள்ளிக் காகிதம்

இரண்டு ஹாரன், ஃபேன், பின்னால் இரண்டு விளக்கு, கேபின் உச்சியில் வரிசையாகப் பச்சை சிவப்பு பல்ப். பழைய வண்டி எவ்வளவுதான் தாங்கும்? பியூஸ் போக ஆரம்பித்தது. பியூஸ் போனால் ஏன் போயிற்று என்று கேட்க வேண்டும். அதுதான் முதலில் சாகிற காவல்காரன், உள்ளே ஏதோ சரியில்லை என்று சொல்லிவிட்டுச் சாகிறான். ஆனால் இவர்களுக்கு அது பாழாய்ப் போன ஒரு கம்பித் துண்டு, அவ்வளவுதான்.

ஒருநாள் பியூஸ் பெட்டியைத் திறந்தால் உள்ளே சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதம் மடித்துச் செருகியிருந்தது. பிடுங்கி எறிந்துவிட்டுச் சரியான பியூஸ் போட்டேன். உச்சி விளக்குகளை இரண்டாகப் பிரித்துப் பாரத்தைக் குறைத்தேன். அடுத்த வாரம் திறந்தால் காகிதம் இல்லை. அந்த இடத்தில் முழுசாக ஒரு செப்புக் கம்பி. ஒயரே எரிந்தாலும் அது எரியாது, அவ்வளவு தடிமன்.

"யாரு வேலை இது?" என்றேன்.

மச்சான் மார்பைத் தட்டிக்கொள்ளாத குறை. "நான்தான். நீ போடறது எல்லாம் எரிஞ்சி எரிஞ்சி போவுது. அதான் போவாத பியூஸாப் பாத்துப் போட்டுட்டேன்."

கற்பூரம் காட்டிய ஆணி

உச்சி விளக்குகளுக்குப் போகும் ஒயர், முன் கண்ணாடிக்கு மேலே உள்ள பலகைக்குப் பின்னால் ஓடுகிறது. ஒயருக்குப் பின்னால் இரும்புச் சட்டம். இழுத்து முடித்த அன்றே கன்னியப்பனிடம் சொன்னேன்: "இந்தப் பலகைல மட்டும் ஆணி அடிக்காத." அவனும் மறக்கவில்லை. ஆனால் ஆயுத பூஜை அன்று அவனைப் பூசணிக்காய் வாங்க அனுப்பிவிட்டார்கள். நல்ல நேரம் முடியப் போகிறது என்று மச்சான் அவசரப்பட்டு, பலகைக்கு நட்ட நடுவில் சந்தனம் வைத்து, விரல் நீளத்துக்கு ஓர் ஆணியை இறக்கி முருகன் படத்தை மாட்டிவிட்டார். படத்தைச் சுற்றி மூக்குத்தி மாதிரி குட்டிக் குட்டி பல்ப். அதற்கும் கரண்ட் அதே உச்சி விளக்கு ஒயரிலிருந்து.

விளக்கு வைக்கும் நேரத்தில் நான் தூங்கி எழுந்து போனபோது பொரியும் கடலையும் கொடுத்தார்கள். படத்தைப் பார்த்தேன். பொரியைக் கீழே வைத்துவிட்டேன். ஆணி ஒயரின் தோலை உரித்துக்கொண்டு போயிருக்கும். இன்றைக்குச் சட்டத்தைத் தொடவில்லை, அவ்வளவுதான். ரோட்டுக் குழியில் ஆடி ஆடி ஒருநாள் தொடும். தொட்டால் நிறுத்தப் பியூஸ் கிடையாது, மச்சான் பிடுங்க விடாத அந்தச் செப்புக் கம்பிதான் இருந்தது.

முதலாளி கெட்டவர் இல்லை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "ஆணியை ஒரு சாண் தள்ளி அடிச்சிக்கலாம் முதலாளி, படம் கேபின்லயே இருக்கட்டும்" என்றேன். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். பூஜையில் மாட்டிய படத்தை அடுத்த பூஜை வரை அசைக்க மாட்டார்கள். அவர் படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, என்னைப் பாவமாகப் பார்த்தார்: "கற்பூரம் காட்டின ஆணியை எந்தக் கையால மேஸ்திரி புடுங்கச் சொல்ற?"

சாமி இருட்டில்

ஆணியைத் தொடத்தானே கூடாது? ஒயரைத் தொடலாமே. அந்த ஒயரைப் பியூஸ் பெட்டியிலிருந்து கழற்றி, முனையில் டேப் சுற்றி ஒதுக்கிவிட்டேன். உச்சி விளக்கு எரியாது, படத்து விளக்கும் எரியாது. அடுத்த வாரம் வேறு வழியாகப் புது ஒயர் இழுத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்குத்தான் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கினேன்.

நாலாம் நாள் வண்டி கடைத்தெருவில் போகும்போது பார்க்கிறேன், முருகன் ஜெகஜோதியாக இருக்கிறார். நிறுத்திப் பார்த்தால், பேட்டரியிலிருந்தே நேராக ஒரு ஒயர், நான் ஒதுக்கிய முனையில் முறுக்கியிருக்கிறது. நடுவில் பியூஸ் என்ற பேச்சே இல்லை. கன்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்து சீட்டிலிருந்து மச்சான் எட்டிப் பார்த்தார்: "சாமி இருட்டுல குந்திக்கினு இருக்குது, நீ இன்னாடான்னா இன்னும் ஒயர் கதை பேசற."

வல்லம் தாண்டி

வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். மல்லாட்டை மூட்டையும் மேலே தார்ப்பாயும் போட்டுக்கொண்டு வல்லம் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தான் கன்னியப்பன். பொழுது சாய்கிற நேரம். தலைக்கு மேலே ரப்பர் தீய்கிற மாதிரி ஒரு நாற்றம், அப்புறம் புகை. அவன் வண்டியை நிறுத்தினான். படத்தைக் கும்பிட்டுக்கொண்டு நிற்கவில்லை. சீட்டைத் தூக்கி, பேட்டரிமேல் முறுக்கியிருந்த அந்த ஒயரை வெறுங்கையால் பிடுங்கினான். அது அப்போது ஒயராக இல்லை, அடுப்பில் காய்ந்த கம்பியாக இருந்தது. உள்ளங்கைத் தோல் அதோடு போயிற்று.

பலகை கருகியது. உச்சி ஒயர் எரிந்தது. மூட்டை ஒன்றுகூடக் கருகவில்லை. வேறொரு லாரியில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது தீப்புண்ணுக்கு மருந்தென்று கையில் நீல மசியை ஊற்றிக்கொண்டு வண்டிப் படியில் உட்கார்ந்திருந்தான். கோபமாக ஏதாவது சொல்வான் என்று நினைத்தேன். "ஒயரைப் புடுங்கிட்டேன் மேஸ்திரி," என்றான். "ஆணியைத் தொடல."

மண்டி வாசல்

மறுநாள் காலை. மண்டி வாசலில் கூட்டம். தீக்கு நடுவில் இருந்தும் முருகன் படத்துக் கண்ணாடிகூட விரிசல் விடவில்லை என்று ஊர் முழுக்கப் பேச்சு பரவி, பெண்கள் கற்பூரத் தட்டோடு வந்திருந்தார்கள். மச்சான் அதற்குள் முடிவு சொல்லிவிட்டார்: கன்னியப்பன் பீடி பிடித்தான், பொறி பறந்தது, பலகை பற்றிக்கொண்டது.

"நான் பீடியே பிடிக்கறதில்ல முதலாளி," என்றான் கன்னியப்பன்.

"அப்போ வாயில இன்னா?" என்றார் மச்சான்.

"வெத்தல."

"வெத்தல போடறவன் பீடி பிடிக்க மாட்டான்னு சட்டமா?"

முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டு, நாளையிலிருந்து வேறு ஆள் வருவான் என்றார். எங்கள் ஊர் கடைத்தெரு சின்னது. வண்டியைக் கொளுத்தினவன் என்று ஒரு மண்டியில் பேர் விழுந்தால் இன்னொரு மண்டியில் சாவி கொடுக்க மாட்டார்கள். கன்னியப்பனுக்கு ஓட்டுவதைத் தவிர வேறு வேலை தெரியாது. அந்தக் கையோடு மூட்டையும் தூக்க முடியாது.

நான் எரிந்த ஒயரைக் கையில் எடுத்துக்கொண்டு பேசினேன். எரிந்த தடம் ஆணியிலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் போயிருக்கிறது, பாருங்கள். பொறி விழுகிற சீட்டிலும் தரையிலும் ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லை, பாருங்கள். பியூஸ் இருந்திருந்தால் புகைக்கு முன்னாலேயே அது போய்க் கரண்ட் நின்றிருக்கும். பாருங்கள், பாருங்கள் என்று கத்தினேன். ஒருத்தரும் ஒயரைப் பார்க்கவில்லை. எல்லோரும் படத்தைத்தான் பார்த்தார்கள். "சாமி ஆணியாலயா தீப்புடிக்கும்? வாயைக் கழுவு மேஸ்திரி," என்று கற்பூரத் தட்டு வைத்திருந்த ஒரு அம்மாள் அதட்டினாள்.

எனக்கு அப்படியே திரும்பி நடந்து போய்விடலாம் என்று இருந்தது. இத்தனை வருஷம் விரலைச் சுட்டுச் சேர்த்த அறிவு, ஒரு மனுஷனுடைய சோற்றைக்கூடக் காப்பாற்ற மாட்டேன் என்கிறதே என்று. கன்னியப்பனின் நீலக் கையைப் பார்த்தேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியாது. சொன்னேன்: "முதலாளி, சாமிக்கு அந்த இடம் ஆவல. அதான் காட்டிட்டாரு. மூட்டைக்கும் வண்டிக்கும் ஒண்ணும் ஆவாம, அந்தப் பலகையை மட்டும் எரிச்சிக் காட்டிட்டாரு."

முதலாளி தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கருகின பலகையைக் கிட்டப் போய்ப் பார்த்தார். அப்புறம் மச்சானிடம், "நீதான அடிச்ச?" என்று மட்டும் கேட்டார். மச்சான் தராசுப் பக்கம் போய் எதையோ தேட ஆரம்பித்தார். முதலாளியே கற்பூரம் ஏற்றிக் காட்டிவிட்டுத் தன் கையால் ஆணியைப் பிடுங்கினார். "கை ஆறினதும் வந்து வண்டியை எடு கன்னியப்பா" என்றார். என்னிடம் திரும்பியபோது அவர் குரலில் மனத்தாங்கல்தான் இருந்தது: "இதை அன்னைக்கே சொல்றதுக்கு இன்னா மேஸ்திரி? ஆணி, ஒயர், பியூஸுன்னு சம்மந்தமில்லாம என்னென்னவோ சொல்லிக்கினு இருந்தியே."

இடம் பார்ப்பவன்

அதிலிருந்து எனக்கு ஊரில் ஒரு பேர். லாரியில் சாமிக்கு இடம் பார்த்துச் சொல்பவன். பனமலைப் பக்கமிருந்தெல்லாம் டிரைவர்கள் படத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வருகிறார்கள். ஒயர் இப்படிப் போகக்கூடாது என்றால் கொட்டாவி விடுகிறவர்கள், "இந்தப் பக்கம் சாமிக்கு ஆவாது" என்றால் கையைக் கட்டிக்கொண்டு கேட்கிறார்கள். ஒயர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் ஆகாது. எனக்குத் தெரிந்த சாஸ்திரம் அவ்வளவுதான்.

கன்னியப்பன் கை ஆறி, ஒரு சாயங்காலம் அந்த லாரியை ஓட்டிக்கொண்டு வந்தான். ஹாரன் முழுச் சத்தமாக மலையில் மோதித் திரும்பியும் வண்டி என் வாசலில் நின்றது. எல்லா ஒயரையும் கழற்றிவிட்டு முதலிலிருந்து இழுத்தேன். பேட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ். சூட்டுக்கும் டீசலுக்கும் எட்டாத ஓரம். ஒவ்வொரு ஓட்டைக்கும் வளையம். கேபினும் பாடியும் தனித்தனியே ஆடுகிற இடத்தில் ஒயரைக் கொஞ்சம் தளர்த்தி விட்டேன். படத்துக்கு வலது தூண் ஓரமாக இடம் காட்டினேன். கடைசியாக, பியூஸ் பெட்டி மூடிமேல் மஞ்சள் தடவி, நடுவில் அழுத்தமாக ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன். மச்சான் இன்றுவரை அதைத் திறக்கவில்லை. தாண்டிப் போகும்போது கன்னத்தில் போட்டுக்கொள்கிறாராம்.

கன்னியப்பன் அந்தப் பொட்டைப் பார்த்தான். உள்ளது உள்ளபடி தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். ஏறி உட்கார்ந்து, இறுகிப்போன உள்ளங்கையை ஸ்டியரிங்மேல் வைத்துக்கொண்டு சொன்னான்: "மேஸ்திரி, அந்த ஓட்டை மோதிரத்துக்கும் ஆளுக்கொரு பொட்டு வெச்சிடு, அதையும் ஒருத்தன் புடுங்க மாட்டான்."

கரண்டைப் பத்து விரலாலும் படித்தவன் கடைசியில் குங்கும டப்பாவை நம்பித்தான் தொழில் செய்ய வேண்டியிருக்கிறது என்ற எரிச்சலோடு, அவன் போன புழுதி அடங்கியதும், பழைய டியூபை மடியில் இழுத்துப் போட்டு, பொட்டு வைக்காத அடுத்த வளையத்தை வெட்ட உட்கார்ந்தேன்.